அலுமினிய விமானத்துக்கு நான் வைத்த துரு

அலுமினியத்துக்குத் துருப் பிடிக்க வைத்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் வேறு யாரிடமாவது கேள்விப்பட்டு வந்து என்னைக் கேட்பதற்கு முன்னால் நானே ஒப்புக்கொண்டால் நெஞ்சு கொஞ்சம் லேசாக இருக்கும்.

மாடல் பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குப் பாடம் நடத்த எனக்குத் தகுதி கிடையாது. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எந்தப் பசையை எத்தனை நிமிடம் பிடித்திருக்க வேண்டும் என்பதெல்லாம் டப்பாவிலேயே எழுதியிருக்கிறது. என்னைவிட நீங்கள் நன்றாகவே படிப்பீர்கள். டப்பாவில் எழுதாத வேலை ஒன்று உண்டு. செய்து முடித்த மாடலுக்கு அழுக்கு ஏற்றுவது. மெருகு கலையாத பொம்மையை, வெயிலிலும் மழையிலும் கிடந்து வருஷக்கணக்கில் உழைத்த பொருளாக மாற்றுவது. அதில் நான் முதன்முதலாக விழுந்த இடத்தைத்தான் சொல்லப்போகிறேன். அதற்கப்புறம் எத்தனையோ மாடல் செய்துவிட்டேன். அந்த ஐந்து வாரம் இருந்த துள்ளல் மறுபடி வரவேயில்லை.

எண்பதுகளின் தொடக்கம். பெரம்பலூரில் திருச்சி ரோட்டோரம் லாரிக்குப் பாடி கட்டுகிற ஒரு பட்டறையில் நான் பெயிண்டர். பூலாம்பாடிக்காரர் ஒருவர், தம்பி வெளிநாடு போன சந்தோஷத்தில், தன் லாரியின் பின்பக்கம் ஒரு விமானம் வரையச் சொன்னார். வரைந்தேன். மேகம், அதற்கு மேலே நிலா, நடுவில் விமானம். அந்த லாரி அரியலூருக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றப் போனது. நாலாம் நாள் அரியலூரிலிருந்து ஒருவர் பஸ் ஏறி எங்கள் பட்டறைக்கு வந்துவிட்டார். இஸ்திரி கலையாத சட்டை, பளபளக்கும் ஷூ.

“அந்த ஏரோபிளேனை வரைஞ்சது யாரு?”

“நான்தாங்க.”

“மேகத்துக்கு மேல பறக்குது. அப்புறம் எதுக்குய்யா சக்கரம் தொங்குது?”

“சக்கரம் இல்லேன்னா எப்படிங்க நிக்கும்?”

“மேகத்து மேல நிக்குமா?”

பட்டறையே சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. அவர் சிரிக்கவில்லை. விமானப்படையில் இருபது வருஷம் மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்தவர் என்பது பிறகு தெரிந்தது. வேலையை விட்டு வந்து வெகுநாள் ஆகியும் அரியலூரில் எல்லாருக்கும் அவர் சார்ஜென்ட்தான். திட்டி முடித்துவிட்டு பட்டறையில் நின்ற வேறொரு லாரியின் கதவில் நான் எழுதியிருந்த எழுத்துகளை அருகில் போய்ப் பார்த்தார். ஓரத்தை விரலால் தடவினார். அப்படியே கிளம்பிப் போய்விட்டார். அன்றைக்கு முழுக்க நான் எழுத்தில் என்ன தப்பு என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓர் அட்டைப் பெட்டியோடு திரும்பி வந்தார். அவர் மகன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பியது. திறந்தால், சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டங்களில் காய் காய்த்ததுபோல நூற்றுக்கணக்கான துண்டுகள். இறக்கை, வால், சக்கரம், நகத்தைவிடச் சின்னதாக ஓர் இருக்கை. எல்லாவற்றையும் வெட்டி ஒட்டினால் ஒரு சாணுக்குக் கொஞ்சம் அதிகமான சண்டை விமானம் வருமாம்.  இப்படி ஒரு பொருள் உலகத்தில் இருப்பதே அதுவரை தெரியாது.

“என் கை ஸ்பேனர் பிடிச்ச கை. இதுல ஒண்ணை எடுத்தேன், விரல் நடுங்கிக் கீழ போட்டுட்டேன். நீ செய்யிறியா?” என்றார்.

பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். அவர் பராமரித்த விமானத்தை ஓட்டிய பைலட் எழுதியது. அந்தப் பைலட் தெற்குச் சீமைக்காரர். மகளோடு இருப்பதற்காக வெளிநாட்டுக்கே போகிறார். அதற்கு முன் சொந்த ஊரைப் பார்த்துவிட ரயிலில் வருகிறார். ஐந்து வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை, பகல் வண்டி. அரியலூரில் இரண்டு நிமிஷம் நிற்கும். கதவுப் பக்கம் நிற்கிறேன், முடிந்தால் வா என்று எழுதியிருந்தார்.

“பாகிஸ்தான் சண்டை முடிஞ்ச மறு மாசம் ஆளுக்கொரு பக்கம் மாத்திட்டாங்க. சொல்லிட்டுக்கூட வரல. இனிமே பார்க்க முடியாது. நம்ம ஏரோபிளேனை அவர் கையில குடுக்கணும். கடைல வாங்கின மாதிரி புதுசா இருக்கக் கூடாது. அவரு ஓட்டினப்ப எப்படி இருந்துச்சோ அப்படி இருக்கணும்.”

ஒரே பெட்டி. உடைந்தால் வேறு கிடையாது. ரயில் இரண்டு நிமிஷம். நான் சாதாரணமாகவே பூட்டிய வீட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற ஆள். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “செய்யிறேன் சார்” என்று வந்துவிட்டது.

வேலை நடந்த விதத்தை விட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். லாரிக்கு நாங்கள் அடிக்கிற பெயிண்டில் தின்னர் கலப்போம். வேறொருவனாக இருந்தால் அதையே எடுத்து அடித்திருப்பான். எனக்குப் பயம். துண்டுகளை வெட்டிய பிறகு மிஞ்சிய சட்டத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். பிளாஸ்டிக் மெழுகுபோல உருகி விரலில் ஒட்டிக்கொண்டது.  அது இறக்கையாக இருந்திருந்தால் என்ற நினைப்பில் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அதன்பின் சாதாரண எனாமல் பெயிண்ட், தூரிகை, அவ்வளவுதான். மிஞ்சின சட்டத்தைத் தூக்கிப் போடாதீர்கள் என்று நான் ஏன் கத்துகிறேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

விமான உடம்பின் இரண்டு பாதியும் ஒன்றாக மூடிக்கொண்ட அன்றைக்கு, வேலையிலிருந்து மத்தியானமே வீட்டுக்கு ஓடிவந்து காய்ந்ததா என்று பார்த்தேன். இறக்கை ஏறியது. வால் ஏறியது. பச்சையும் சாம்பலும் கலந்த வண்ணம் ஏறியது. பெட்டியில் வந்த சின்னங்கள் வேறு நாட்டுடையவை. அவற்றை ஒதுக்கிவிட்டு, காவி, வெள்ளை, பச்சை வட்டங்களைக் கவராயம் வைத்துக் கையாலேயே போட்டேன். சார்ஜென்ட் மனப்பாடமாகச் சொன்ன எண்ணை வால் பக்கத்தில் எழுதினேன். அரிசியைவிடச் சின்ன எழுத்து. எழுதி முடித்த பிறகுதான் மூச்சே விட்டேன். நாலாம் ஞாயிறு அதைப் பழைய செருப்புப் பெட்டியில் பஞ்சு சுற்றி வைத்து அரியலூர் பஸ்ஸில் ஏறினேன்.

“மடியில என்னய்யா, முட்டையா? இப்படி அணைச்சுக்கிட்டு வர்ற” என்றார் கண்டக்டர்.

“ஏரோபிளேனுங்க.”

“அப்ப பஸ்ஸு எதுக்கு? அதுலயே போயிருக்கலாமே.”

சார்ஜென்ட் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எண்ணை வாய்விட்டு ஒருமுறை படித்தார். “ஷோரூம் வண்டி மாதிரி இருக்கு. இனி பழசாக்கு” என்றார்.

பழசாக்குவதா. நான் நாள் முழுக்கப் பார்ப்பதே பழைய லாரிகளைத்தானே. இதில் என்னை மிஞ்ச யார் இருக்கிறார்கள் என்று ஒரு மிதப்பு. வாரம் முழுக்க உற்சாகமாக உட்கார்ந்தேன். சக்கரத்துக்குப் பின்னால் சேறு தெறிக்க வைத்தேன். தகடும் தகடும் சேருகிற கோடுகளிலிருந்து மழைநீர் கீழே வழிந்த தடம் இழுத்தேன். ஒவ்வொரு ரிவெட் ஆணியைச் சுற்றியும் துரு. மேலே லேசாகச் சுண்ணாம்புப் புழுதி. என் மனைவி வந்து பார்த்து நெஞ்சில் கை வைத்தாள்.

“ஏங்க, நேத்து வரைக்கும் புதுசா இருந்துச்சு. அதுக்குள்ள மழையில போட்டுட்டீங்களா?”

எனக்கு விருது வாங்கினமாதிரி இருந்தது.

ஐந்தாம் ஞாயிறு. ரயிலுக்கு நாலு நாள். அரியலூரில் அவர் வீட்டு முற்றத்தில் வைத்துப் பெட்டியைத் திறந்தேன். சார்ஜென்ட் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“இது என்ன?”

“துருங்க சார்.”

“மதியத்துக்கு நீ எதுல சோறு கொண்டுபோவ?”

“அலுமினியத் தூக்குலங்க.”

“அது துருப் பிடிச்சிருக்கா?”

  தினமும் கையில் தொங்குகிற தூக்கு. ஏரோபிளேன் அலுமினியத் தகடு என்று அவரே இரண்டு முறை சொல்லியிருக்கிறார். என் கை லாரியைத்தான் நினைத்தது.

“இது எங்க ஒழுகுது? மேலேருந்து கீழ. இது என்ன, மழையில நிக்கிற லாரியா? அந்த வேகத்துல போறப்ப கீழ ஒழுக நேரம் ஏது? எண்ணெய்ச் சொட்டு வெளிய வந்தா காத்து அதைப் பின்பக்கம் இழுத்துக்கிட்டுப் போயிடும்.” அவர் குரல் தாழ்ந்தது. “பெயிண்டரே, இதை அவரு பார்த்தா என்ன நெனைப்பாரு தெரியுமா? நான் கவனிக்காம விட்டுட்டேன்னு நெனைப்பாரு. அவர் உசுரு என் கையில இருந்துச்சுய்யா.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உழைத்ததால் வந்த அழுக்கு வேறு, கவனிப்பார் இல்லாமல் வந்த அழுக்கு வேறு. நான் பூசிக்கொண்டு வந்தது இரண்டாவது. ஒரு மனுஷன் இருபது வருஷம் பார்த்த வேலைமேல் அதைப் பூசியிருக்கிறேன்.

“எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாவே குடுத்துடலாம் விடு” என்றார் அவர். எனக்கும் ஓடிவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் மறுபடி பெயிண்ட் அடித்தால் வியாழக்கிழமைக்குள் இறுகக் காயாது. ரயிலில் பைலட்டின் கையெல்லாம் பச்சையாகும். எதைத் தொடவும் பயமாக இருந்தது. அதனால் பெட்டியை மூடித் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டேன்.

“சார், இறக்கை மேல ஏறும்போது எந்தக் காலை முதல்ல வைப்பீங்க?”

“எந்தக் காலா?” யோசித்தார். “அது எப்படிய்யா ஞாபகம் இருக்கும்?”

பிறகு என்ன தோன்றியதோ, எழுந்து போய் முற்றத்துக் கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டார். “இது இடது இறக்கைன்னு வெச்சுக்க” என்று ஷூவைக் கழற்றினார். ஏறினார். இடது கால் முதலில் போனது. வாய்க்குத் தெரியாதது காலுக்குத் தெரிந்திருந்தது. உடனே நான் கட்டில் சட்டத்தில் சாக்கட்டியால் கோடு போட்டேன். அவர் குனிந்தார். வலது முட்டி ஓர் இடத்தில் ஊன்றியது. கோடு. கை நீண்டு இல்லாத மூடி ஒன்றைத் திருகியது. கோடு.

அவர் மனைவி கரண்டியோடு எட்டிப் பார்த்தார்.

“கட்டில் கயிறு அறுந்துச்சுன்னா நீங்கதான் கட்டணும், சொல்லிப்புட்டேன்.”

“கிட்ட வராத. பெட்ரோல் ஊத்திக்கிட்டிருக்கேன்.”

“உள்ள அடுப்பு எரியுது. அணைச்சுட்டு வரட்டுமா, இல்ல சோறு வேணுமா?”

சார்ஜென்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் இறங்கவில்லை. கட்டிலின் மேல் மூன்று பக்கம் திரும்பினார், அடியில் படுத்தார், மல்லாந்து ஒரு குழாயைத் துடைத்தார். எங்கே எண்ணெய் சிந்தும், எங்கே ஸ்பேனர் நழுவிக் கீறும், துப்பாக்கி சுட்ட புகை எவ்வளவு தூரம் பின்னால் படியும், எல்லாம் வந்தது. நான் சாக்கட்டியோடு கட்டிலைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் எதையும் கற்றுக்கொண்டதில்லை. அழுக்கைப் பூசுவதற்கு முன்னால் அதை யார் வைத்தது என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்த சூத்திரம் இது ஒன்றுதான்.

திங்களும் செவ்வாயும் பட்டறைக்குப் போகவில்லை. அடியில் இருக்கிற பெயிண்ட் நன்றாக இறுகியிருந்தது. மேலே பூசிய துரு மூன்று நாள்தான் ஆகியிருந்தது. மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சை வாலுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைத்துத் தேய்த்தேன். துரு வந்தது, பச்சை நின்றது. அதன்பின் ஒவ்வொரு ரிவெட்டாக. வட்டச் சின்னத்துக்குப் பக்கத்தில் போகும்போதெல்லாம் என் மனைவி, “மூச்சு விடுங்க, மூச்சு விடுங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

செவ்வாய் சாயங்காலம் அது நடந்தது. இடது இறக்கையின் மேல்பக்கம், அது உடம்போடு சேருமிடத்தில், ஒரு பிடிவாதமான துருவைத் தேய்த்தபோது பெயிண்டோடு பெயர்ந்துவிட்டது. உள்ளிருந்த சாம்பல் பிளாஸ்டிக் பல்லைக் காட்டியது. திரும்பப் பச்சை வைத்தால் காயாது. வைக்காவிட்டால் ஓட்டை மாதிரி தெரியும். என் கை தூரிகையை எடுத்துவிட்டது. எடுத்த கையை இடது கையால் பிடித்துக் கீழே வைத்தேன். சாக்கட்டிக் குறிப்புகளைத் தாளில் எழுதி வைத்திருந்தேன் அல்லவா, அதை எடுத்துப் பார்த்தேன். சார்ஜென்டின் இடது கால் விழுகிற இடத்துக்கு அரை நகம் தள்ளி அந்தக் காயம். தினமும் ஷூ பட்ட இடத்தில் பெயிண்ட் இருக்குமா என்ன. உப்புத்தாளின் ஓரத்தை மடித்து, பெயர்ந்த இடத்தை அவர் கால் வரைக்கும் மெதுவாக அகலப்படுத்தினேன். பென்சில் கரியைச் சுரண்டி விரலால் அதன்மேல் தேய்த்தேன். சாம்பல் பிளாஸ்டிக் தேய்ந்த அலுமினியமாக மின்னியது. நான் நாற்காலியை விட்டு எழுந்து குதித்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா. முப்பத்திரண்டு வயது, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன்.

மீதியெல்லாம் ஈரமே இல்லாத வேலை. சிம்னி விளக்கின் கரியை எடுத்துத் துப்பாக்கி வாய்க்குப் பின்னால் படிய வைத்தேன். புகை பின்பக்கம் பார்த்து ஓடியது. வயிற்றுப் பக்கம் மட்டும் எண்ணெய்க் கறை ஒன்று, பழுப்புக் கலந்த வார்னிஷில், மயிரிழை அளவு, அதுவும் பின்பக்கம் பார்த்து. புதன்கிழமை முழுக்க வெயிலில் வைத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். காக்காய் வந்துவிடும் என்று பயம்.

வியாழக்கிழமை காலையில் விமானத்தைப் பார்த்த சார்ஜென்ட், “சரி” என்றார். அவ்வளவுதான். அது போதுமா, போதாதா என்று கேட்கத் தைரியம் இல்லை.

வண்டி முக்கால் மணி நேரம் தாமதம். அந்த முக்கால் மணியில் எனக்கு வராத நினைப்பு இல்லை. வண்டி நிற்காமல் போகும். அவர் வேறு பக்கக் கதவில் நிற்பார். வாங்கும்போது கை தவறும். இவ்வளவும் நடந்து முடிந்தால்கூட, பார்த்துவிட்டு மரியாதைக்கு ‘நல்லா இருக்கு’ என்பார். அதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

வண்டி வந்தது. நாங்கள் நின்ற இடத்தைத் தாண்டி நாலு பெட்டி முன்னால் போய் நின்றது. சார்ஜென்ட் ஓடினார். பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நான் அவர் பின்னால் ஓடினேன். கதவில் ஒல்லியாக, தலை முழுக்க நரைத்த ஒருவர் பாதி உடம்பை வெளியே நீட்டித் தேடிக்கொண்டிருந்தார். சார்ஜென்ட் அவர் முன்னால் போய் நின்று விறைத்து சல்யூட் அடித்தார்.  பின்னாலிருந்து நான் பெட்டியைத் திறந்து நீட்டினேன்.

பைலட் விமானத்தை இரண்டு கையாலும் எடுத்தார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணைப் படித்தார். தேய்ந்த இறக்கையைப் பார்த்து, சார்ஜென்டின் காலைப் பார்த்தார்.  விசில் அடித்துவிட்டது. 

அப்போது அவர் விமானத்தைக் கவிழ்த்தார். ஆள்காட்டி விரலை வயிற்றுப் பக்கத்து எண்ணெய்க் கறையில் வைத்து, முன்னிருந்து பின்னால் மெதுவாக ஓர் இழுப்பு இழுத்தார். விரலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

“லீக் இல்லீங்க சார்” என்றார் சார்ஜென்ட். குரல் எங்கிருந்தோ வந்தது. “பழைய கறைதான். காலைலதான் பார்த்தேன்.”

“பார்த்துட்டியா?”

“பார்த்துட்டேன் சார்.”

“அப்ப சரி” என்றார் பைலட். வண்டி நகர்ந்தது. அவர் விமானத்தை ஒரு கையில் உயர்த்திப் பிடித்தபடி, அந்த விரலைத் தன் பேண்டின் தொடைப் பக்கத்தில் துடைத்தார். விரலில் எதுவும் இல்லை. வார்னிஷ் முந்தின நாளே காய்ந்துவிட்டது.

கடைசிப் பெட்டி போகும்வரை நாங்கள் பிளாட்பாரத்தில் நின்றோம். சார்ஜென்ட் கண்ணாடியைக் கழற்றினார், போட்டார், மறுபடி கழற்றினார்.

“பார்த்தியா பெயிண்டரே, பேண்ட்ல துடைச்சாரு. அப்பவும் இப்படித்தான். வேஸ்ட்டுத் துணியைக் கையில குடுத்தாலும் பேண்ட்லதான் துடைப்பாரு. எத்தனை தடவை சொன்னாலும் கேக்க மாட்டாரு.”